கத்தரிச் செடியும் கத்தரிக்காய்க் குழம்பும்

'கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. மறைத்து வைத்த செய்தி ஒரு நாள் வெளிப்பட்டே தீரும் என்ற பொருளில் இதைச் சொல்கிறோம். கருத்து சரிதான், ஆனால் தாவரவியல் சரியில்லை. முற்றிய கத்தரிக்காயைக் கடைத்தெருவில் யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. நாம் வாங்குவதெல்லாம் முற்றாத காயைத்தான். பூ கருவுற்று இரண்டு மூன்று வாரங்களில், விதைகள் இன்னும் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும்போதே காயைப் பறித்துவிடுகிறோம். பறிக்காமல் செடியிலேயே விட்டால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறிப் பழுக்கும். தோல் தடித்து, விதை இறுகி, சதை கசந்துவிடும். அப்போது அது விதைக்குத்தான் உதவும், குழம்புக்கு அல்ல.

இந்தச் சிறு செய்தியில் வீட்டுத் தோட்டக்காரருக்கு ஒரு பெரிய பயன் இருக்கிறது. செடியைப் பொறுத்தவரை காய் என்பது விதையை உருவாக்கும் தொட்டில். விதை முற்றிவிட்டால் அதன் வேலை முடிந்துவிடுகிறது. புதிய பூக்களைத் தள்ளும் வேகமும் குறைகிறது. காயை இளசாகப் பறித்துக்கொண்டே இருந்தால், வேலை முடியவில்லை என்று செடி மேலும் மேலும் பூக்கும். 'இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்' என்று காயை விட்டுவைப்பவர் அடுத்த பத்துக் காய்களை இழக்கிறார்.

சொந்தக்காரர்கள்

கத்தரியின் அறிவியல் பெயர் சொலானம் மெலாஞ்சினா. 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. சொலானம் பெரிய பேரினம். தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி எல்லாம் அதில் அடங்கும். மிளகாயும் புகையிலையும் பேரினம் வேறானாலும் குடும்பம் ஒன்றே. இவற்றில் தக்காளி, உருளை, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகே நம்மிடம் வந்தவை. கத்தரியோ ஆசியாவின் சொந்தப் பயிர். பழந்தமிழில் இதற்கு வழுதுணை என்று பெயர். சீனத்தில் கி.மு. 59-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் எழுத்திலேயே கத்தரியைப் பற்றிய குறிப்பு உண்டு.

கத்தரியின் காட்டு மூதாதை சொலானம் இன்சானம் என்னும் முட்செடி. இன்றும் இந்தியாவின் தரிசு நிலங்களில் அதைக் காணலாம். காய் கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிது, கசப்பு மிகுதி. இன்சானம் என்றால் இலத்தீன் மொழியில் பித்துப்பிடித்தது என்று பொருள். கத்தரிக்காய் தின்றால் பித்துப்பிடிக்கும் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் அஞ்சினார்கள். ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அந்த அச்சம் முற்றிலும் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது.

கத்தரியின் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இது எலுமிச்சை முள்ளைப் போன்றதன்று. எலுமிச்சையில் முள் என்பது உருமாறிய கிளை. அது கட்டையோடு கட்டையாக இருக்கும். கத்தரியில், ரோஜாவைப் போல, முள் மேல்தோலின் வளர்ச்சிதான். பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்து வந்துவிடும். உழவர்கள் தலைமுறை தலைமுறையாக முள் குறைந்த செடிகளையே விதைக்குத் தேர்ந்தெடுத்ததால் முள்ளில்லா வகைகள் தோன்றின. இந்த மாற்றம் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் ஒரு மரபணுக் குடும்பத்தில் ஏற்பட்ட பழுதினால் வந்தது என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேறு பல செடிகளும் தனித்தனியே இதே வழியில் முள்ளை இழந்திருக்கின்றன என்பதுதான் அதில் வியப்பு. வேலூர்ப் பகுதி மக்களோ முள்ளை விடவில்லை. அவ்வூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

விதைப்பு

தமிழ்நாட்டில் கத்தரி நடுவதற்கு மே-ஜூன், டிசம்பர்-ஜனவரி ஆகிய இரண்டு பருவங்கள் ஏற்றவை. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைகளில் பல, நம் ஊர் நாட்டு வகைகளிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. கோ 2 என்பது வரிக்கத்தரியிலிருந்து வந்தது. மதுரை 1, கள்ளம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து வந்தது. பெரியகுளம் 1, புழுதிக் கத்தரியில் திடீர்மாற்றம் உண்டாக்கிப் பெறப்பட்டது. உங்கள் ஊர்ச் சந்தையில் எந்தக் காய் விலை போகிறதோ அதை நடுவதே நல்லது. மண்ணும் நாக்கும் ஏற்கெனவே அதற்குப் பழகியிருக்கும்.

விதையை நேரே தொட்டியில் போடாமல் நாற்றங்காலில் இடுங்கள். ஒரு பழைய தட்டோ தகர டப்பாவோ போதும். அடியில் ஓட்டை வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களில் முளைத்துவிடும். மார்கழிக் குளிரில் இன்னும் சில நாட்கள் பிடிக்கும். முப்பது, முப்பத்தைந்து நாளான நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். மாலையில் நட்டால் இரவு முழுவதும் செடிக்கு ஓய்வு கிடைக்கும். நிலத்தில் நடுவதானால் செடிக்குச் செடி 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். மாடித் தோட்டமானால் ஒரு செடிக்குக் குறைந்தது 15 லிட்டர் மண் கொள்ளும் தொட்டி வேண்டும். அதைவிடச் சிறிய தொட்டியில் செடி வளரும், காய்ப்பதுதான் அரிது. செம்மண், மக்கிய தொழுவுரம், மணல் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பலாம். நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் பட வேண்டும்.

தக்காளியோ மிளகாயோ இருந்த மண்ணில் உடனே கத்தரியை வைக்காதீர்கள். ஒரே குடும்பம் என்பதால் நோய்களும் பொதுவானவை. வாடல் நோய்ப் பாக்டீரியாவும், வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணிலேயே காத்திருக்கும். இதற்கு ஓர் அழகிய மாற்று வழி உண்டு. சுண்டைச் செடியின் வேர் இவ்விரண்டையும் பெரிதும் தாங்கக்கூடியது. சுண்டை நாற்றின் தண்டை அறுத்து, அதன் மேல் கத்தரி நாற்றின் நுனியை ஒட்டுக்கட்டினால் சுண்டையின் வேரும் கத்தரியின் காயும் ஒரே செடியில் கிடைக்கும். மாமரத்துக்கு ஒட்டுக்கட்டுவதைப் போன்றதே. இரண்டு தண்டும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். சுண்டை மெல்ல முளைப்பதால் அதைச் சில வாரங்கள் முன்னதாகவே விதைக்க வேண்டும். ஒட்டிய நாற்றைக் காயம் ஆறும்வரை நிழலில், ஈரக் காற்றில் மூடி வைக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் செய்து பார்க்க ஏற்ற சோதனை இது.

பூ ஏன் உதிர்கிறது?

வீட்டில் கத்தரி வைத்தவர்கள் சொல்லும் முதல் குறை, 'நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துபோகிறது' என்பதுதான். திருஷ்டி பட்டுவிட்டது என்று சிலர் பூசணிக்காய் சுற்றுவதும், மருந்துக் கடைக்கு ஓடுவதும் உண்டு. அதற்கு முன்பு ஒரு பூவைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்.

ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். கூம்பின் நடுவிலிருந்து சூல்தண்டு மேலெழும்; அதன் தலைப்பில் பச்சைப் புள்ளியாகச் சூல்முடி இருக்கும். சில பூக்களில் சூல்முடி கூம்புக்கு மேலே நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிலவற்றில் கூம்பின் உயரத்துக்குச் சமமாக இருக்கும். வேறு சிலவற்றில் அது உள்ளேயே அமுங்கிக் கிடக்கும். கூம்பைப் பிரித்தால்தான் தெரியும். ஒரே செடியில், ஒரே நாளில் இந்த வகைகள் எல்லாம் பூக்கும். காய் பிடிப்பவை முதல் இரண்டு வகைகளே. சூல்தண்டு குட்டையான பூக்கள் அனேகமாகக் காயாவதே இல்லை. எனவே உதிரும் பூக்களில் ஒரு பகுதி இயற்கையிலேயே உதிரப் பிறந்தவை. அவற்றுக்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் குட்டைத் தண்டுப் பூக்கள் மட்டுமே வருகின்றனவென்றால், செடி உங்களிடம் எதையோ சொல்ல முயல்கிறது. பெரும்பாலும் அது உணவுப் பற்றாக்குறை. அல்லது தாங்க முடியாத அளவுக்கு ஏற்கெனவே காய்கள் தொங்குகின்றன. காயைப் பறித்து, ஒரு கூடை தொழு உரம் இட்டால் அடுத்த சுற்றில் மாற்றம் தெரியும்.

வெயிலும் ஒரு காரணம். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைக் கடந்து நீடித்தால் மகரந்தத்தூள் உயிரிழக்கத் தொடங்குகிறது. சித்திரைக் கத்தரி வெயிலில் கத்தரிப் பூ உதிர்வதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பகலின் கொடும் வேளையில் ஒரு பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டுவது உதவும்.

மூன்றாவது காரணம்தான் சுவையானது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூளை வெளியே கொட்டிவிடும். கத்தரியில் அப்படியில்லை. ஒவ்வொரு பையின் நுனியிலும் ஊசிமுனை போன்ற துளை மட்டுமே உண்டு. மிளகுப்பொடி டப்பாவைப் போலக் குலுக்கினால்தான் தூள் விழும். குலுக்குவது யார்? காற்று ஓரளவு செய்யும். அதைவிடத் திறமையாகச் செய்பவை சில காட்டுத் தேனீக்கள். மரத்தைக் குடைந்து கூடு கட்டும் தச்சன் தேனீயை, நாம் கருவண்டு என்று அழைப்பதை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் நீல வரிகள் கொண்ட ஒரு சிறு தேனீயும் உண்டு. இவை பூவின் கூம்பைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே பறப்புத் தசைகளை நொடிக்குச் சில நூறு தடவை அதிர வைக்கின்றன. அந்த அதிர்ச்சியில் தூள் புகைபோலக் கொட்டுகிறது. ரீங்காரத்தின் சுருதி பறக்கும்போது ஒன்றாகவும், பூவில் அமர்ந்ததும் வேறாகவும் ஒலிப்பதைக் காது கொடுத்துக் கேட்டால் உணரலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிப் பூவில் தேனும் இல்லை; ஆகவே அது இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

நான்காவது மாடியில் கருவண்டு வராவிட்டால் என்ன செய்வது? காலை வேளையில், பூ நன்கு விரிந்த பின், பூக்காம்பின் பின்புறத்தை விரல் நகத்தால் நான்கைந்து முறை சுண்டிவிடுங்கள். கீழே கருப்புத் தாளைப் பிடித்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். கத்தரிப்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக் கூடியது என்பதால் இவ்வளவே போதும்.

புழுவும் மருந்தும்

இனி மிகப் பெரிய சிக்கலுக்கு வருவோம். கத்தரியை நறுக்கும்போது உள்ளே நெளியும் இளஞ்சிவப்புப் புழுவை அறியாத வீடு கிடையாது. இதன் பெயர் தண்டு, காய்த் துளைப்பான். பழுப்புத் திட்டுகள் கொண்ட வெள்ளைச் சிறகுடைய ஒரு சிறு அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம்தான் இது. தாய்ப்பூச்சி இரவில் வந்து, இலையின் அடியிலும் மொட்டிலும் காயின் புல்லிவட்டத்திலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். சில நாட்களில் முட்டை பொரிந்து, புழு வெளிவந்த சில மணி நேரத்துக்குள் இளந்தண்டையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். அதன்பின் இரண்டு வாரம் போல அதற்கு வீடும் சோறும் அங்கேதான். உள்ளே நுழைந்த துளை மிகச் சிறியது. அது ஆறி மறைந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய ஓட்டை, பெரும்பாலும் புழு வளர்ந்து வெளியேறிய வாசல்! ஓட்டையுள்ள காயை ஒதுக்கிவிட்டு ஓட்டையற்ற காயைப் பொறுக்குகிறோமே, அதற்குள் குடியிருப்பவர் இன்னும் காலி செய்யாமல் இருக்கலாம்.

இப்போது பூச்சிமருந்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். மருந்து இலையின் மேல் விழுகிறது; புழுவோ சதைக்குள் இருக்கிறது. முட்டை பொரிந்து புழு உள்ளே புகும் அந்தச் சில மணி நேரத்தில் மருந்து அங்கே இருந்தால்தான் பலன். பூச்சிகள் நாள்தோறும் முட்டையிடுவதால் உழவர் நாள்தோறும் தெளிக்கத் தூண்டப்படுகிறார். வங்கதேசத்தில் ஒரே பருவத்தில் பல பத்து முறை தெளிக்கும் வழக்கமே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தெளிக்கப்படும் நஞ்சு யாரைக் கொல்கிறது? புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடலில் முட்டையிடும் டிரத்தாலா என்னும் சிறு குளவியைக் கொல்கிறது. பூவை உலுக்க வந்த கருவண்டைக் கொல்கிறது. தெளிப்பவரின் நுரையீரலுக்கும் தோலுக்கும் போகிறது. மிச்சம் நம் சந்தைக் கூடைக்கு வருகிறது. காயை உப்புநீரில் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். செடியின் சாற்றோடு கலக்கும் வகை மருந்து கழுவுவதால் போகாது. வீட்டில் நாலு செடி வைக்கலாமே என்று நான் சொல்வதற்கு முதன்மைக் காரணம் இதுதான்; காசு மிச்சமாவது இரண்டாவது.

இந்தப் புழுவுக்காகவே உயிரித்தொழில்நுட்பமும் களத்தில் இறங்கியது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைக் கத்தரியில் புகுத்தினால், செடியே புழுவுக்கு நஞ்சான புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும். 'பி.டி. கத்தரி' எனப்பட்ட இதற்கு 2009 அக்டோபரில் இந்திய நிபுணர் குழு ஒப்புதல் தந்தது. நாடெங்கும் எழுந்த வாதங்களுக்குப் பின் 2010 பிப்ரவரி 9 அன்று மைய அரசு அதை நிறுத்தி வைத்தது. வங்கதேசம் 2013-இல் அனுமதி தந்து, 2014-இல் உழவர்களுக்கு நாற்று வழங்கியது. மருந்துத் தெளிப்பைக் குறைக்கும் என்பது ஒரு பக்க வாதம். கத்தரியின் தாயகத்தில் காட்டு உறவினங்களோடு அயல் மரபணு கலந்துவிடாதா என்பது மறு பக்கத்தின் கேள்வி. இரண்டிலும் பொருள் உண்டு. ஆனால் கொல்லையில் ஐந்து செடி வைத்திருப்பவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. அவருக்குக் கத்தரிக்கோல் போதும்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. செடியின் நுனிக்குருத்து திடீரென்று வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். எருக்குழியில் வீசினால் புழு அங்கேயே கூடு கட்டிப் பூச்சியாகித் திரும்பி வரும். வாரம் இருமுறை இப்படிச் செய்து, புழுக்காய்களையும் கீழே விழுந்த சருகுகளையும் அகற்றிவந்தால் புழுவின் தலைமுறைச் சங்கிலி அறுந்துபோகும். பெண் பூச்சியின் மணத்தைச் செயற்கையாகச் செய்து வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆண் பூச்சிகள் அதில் சிக்கும். பூச்சி இரவில் வருவது என்பதால், மாலையில் நைலான் கொசுவலையால் செடியை மூடிக் காலையில் திறந்துவிடுவது இன்னும் எளிது. கருவண்டு பகலில் வரட்டும். பக்கத்து வீட்டிலும் கத்தரி இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியொருவர் வெட்டிப் பயனில்லை.

இலைகள் சுண்டுவிரல் நகம்போலச் சிறுத்து, செடி துடைப்பம்போல் அடர்ந்து, பூக்காமல் நின்றால் அது சிற்றிலை நோய். 1930-களின் இறுதியில் கோயம்புத்தூரில் விவரிக்கப்பட்ட இந்நோயைப் பல்லாண்டுகள் வைரஸ் என்றே கருதிவந்தார்கள். 1967-இல் ஜப்பானியர்கள் மின்னணு நுண்ணோக்கியில் இத்தகைய நோய்கொண்ட செடிகளின் சாற்றுக்குழாய்களைக் கண்டபோது, செல்சுவரே இல்லாத ஒருவகைப் பாக்டீரியாக்கள் தென்பட்டன. பைட்டோபிளாஸ்மா என்று இப்போது அவற்றுக்குப் பெயர். ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு இவற்றைச் சுமப்பது தத்துப்பூச்சி. நோய் கண்ட செடிக்கு மருத்துவம் கிடையாது. இரக்கம் பாராமல் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

பறிப்பு

நட்ட 55, 60 நாட்களில் முதல் காய் பறிக்கலாம். தோல் பளபளப்பாக இருக்கும்வரை காய் இளசு. மங்கிவிட்டால் விதை முற்றத் தொடங்கிவிட்டது. கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டு எடுங்கள். குழி உடனே நிமிர்ந்தால் நல்ல காய். மற்றொரு அடையாளமும் உண்டு. ஊதாக் காயின் பச்சைத் தொப்பியை, அதாவது புல்லிவட்டத்தை, நுனியில் சற்றே உயர்த்திப் பாருங்கள். அதன் அடியில் தோல் வெளுத்திருக்கும். பல வகைகளில் ஊதா நிறமி உண்டாக வெளிச்சம் வேண்டும். தொப்பிக்குள்ளிருந்து புதிதாக வளர்ந்து வெளிவரும் பகுதி இன்னும் வெயிலைக் காணாதது. வெளுப்பு அகலமாக இருந்தால் காய் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது என்று அறியலாம். பிஞ்சாக இருக்கும்போதே ஒரு காயைக் கருப்புத் தாளால் சுற்றிக் கட்டிவிட்டால், பத்து நாளில் உங்களுக்கு வெள்ளைக் கத்தரிக்காய் கிடைக்கும்!

நாலைந்து மாதத்தில் காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். கத்தரி உண்மையில் பல்லாண்டுச் செடி. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, எரு இட்டு நீர் ஊற்றினால் மறுதாம்பு துளிர்த்து மீண்டும் காய்க்கும். விதைக்கு விடும் காயைப் பூவாக இருக்கும்போதே சிறு துணிப்பையால் மூடி அடையாளம் கட்டுங்கள். வேறு வகைக் கத்தரி அருகில் இருந்தால் கருவண்டு இரண்டையும் கலந்துவிடும். காய் மஞ்சளாகிப் பழுத்தபின் விதையை நீரில் பிசைந்து, அடியில் தங்கியதை மட்டும் நிழலில் உலர்த்திச் சாம்பலில் வைத்துக்கொள்ளலாம். கடைப் பொட்டலத்தில் உள்ளது ஒட்டுவிதையானால் அதன் வாரிசு தாயைப்போல் இராது. நாட்டு விதை கேட்டு வாங்குவதன் பொருள் அதுதான்.

அடுப்படியில்

நறுக்கிய கத்தரிக்காய் ஏன் கறுக்கிறது? சதையில் குளோரோஜெனிக் அமிலம் என்னும் பீனால் பொருள் நிறைய இருக்கிறது. அதை மாற்றவல்ல நொதியும் அதே செல்லில் தனி அறையில் இருக்கிறது. கத்தி பட்டுச் செல் உடைந்ததும் இரண்டும் சந்திக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் துணை சேர்ந்ததும் பழுப்பு நிறப் பொருள் உண்டாகிறது. தண்ணீரில் போட்டால் ஆக்சிஜன் தடைப்படுகிறது. அதில் சிறிது புளியோ மோரோ கலந்தால் அமிலத்தில் நொதியும் முடங்குகிறது. பாட்டிமார் இரண்டையும் அறிந்தே செய்தார்கள். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கறுப்பு இன்னும் கூடும். இரும்பும் பீனாலும் சேர்ந்து மைபோன்ற நிறம் தரும். எஃகுக் கத்திக்கு அந்தக் குறை குறைவு.

தோலின் ஊதா நிறத்துக்குக் காரணம் நாசுனின் என்னும் ஆந்தோசயனின். ஜப்பானிய மொழியில் கத்தரிக்கு 'நாசு' என்று பெயர், அதிலிருந்து வந்தது. இது நீரில் கரையும். அதனால்தான் வேகும்போது நிறம் இறங்கிக் காய் பழுப்பாகிறது. தோலை வெந்நீரில் போட்டுச் சாறெடுத்து, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறும் மறு கிண்ணத்தில் சமையல் சோடாவும் விட்டுப் பாருங்கள். முன்னது சிவக்கும், பின்னது நீலப்பச்சை ஆகும். ஜப்பானியர் கத்தரி ஊறுகாய் போடும்போது துருப்பிடித்த ஆணியைப் பானைக்குள் போட்டுவைப்பது வழக்கம். இரும்பு நிறமியைப் பிடித்துக்கொண்டு நீலத்தைக் காக்கும். சதையைக் கறுப்பாக்கும் அதே இரும்பு, தோலின் நிறத்துக்குக் காவல்!

ஒரு கத்தரிக்காயை வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். சதை முழுவதும் காற்றறைகள். எண்ணெயில் போட்டதும் பஞ்சுபோல் எல்லாவற்றையும் குடித்துவிடுவதற்கும் அதுவே காரணம். மேலும் எண்ணெய் ஊற்றுவது வீண். பொறுத்திருந்து சிறு தீயில் வதக்கினால் செல்கள் தளர்ந்து காற்றறைகள் அமுங்கும்; குடித்த எண்ணெயில் ஒரு பகுதி வெளியே வரும். எண்ணெய்க் கத்தரிக்காயில் 'எண்ணெய் பிரியும்வரை' என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். எண்ணெயைக் குறைக்க விரும்புவோர், நறுக்கிய துண்டுகளில் உப்பைப் பிசறி அரை மணி வைத்துப் பிழிந்து எடுக்கலாம். சவ்வூடு பரவலால் நீர் வெளியேறி அறைகள் முன்கூட்டியே அமுங்கிவிடும். ஆவியில் அரைவேக்காடு வேகவைத்து வதக்கினாலும் அப்படியே.

புளி எப்போது ஊற்றுவது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை, வெந்நீரில் கரைவதால்தான் காய் மெத்தென்று வேகிறது. அமிலத்தில் அது எளிதில் கரையாது. ஆகவே காய் முழுதாக நிற்க வேண்டிய காரக்குழம்பில் புளியை முதலிலேயே ஊற்றலாம். எவ்வளவு கொதித்தாலும் குழையாது. கொத்சுவுக்கும் கடைசலுக்கும் காயை முதலில் வேகவிட்டு மசித்துக்கொண்டு, பிறகுதான் புளி. இந்த ஒரு விதி தெரிந்தால் 'இன்னும் வேகவில்லையே' என்ற கவலை பாதி குறையும்.

தணலில் சுட்டுத் துவையல் செய்வோர் காயை முதலில் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட வேண்டும். உள்ளே நீர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆவி போக வழியில்லாவிட்டால் காய் வெடிக்கும். தோல் கரிந்து சதை வெந்ததும் கல்லுப்பு, சுட்ட மிளகாய், புளி, சின்ன வெங்காயம் சேர்த்துக் கையால் பிசைந்துகொள்ளலாம். அம்மியில் அரைப்பதைவிடப் பிசைவதுதான் நல்லது என்பது என் கருத்து. விதை நசுங்கினால் கசப்பு தலைகாட்டும்.

கத்தரிக்காயில் நிகோடின் இருக்கிறது என்று கேட்டு அஞ்சுவோர் உண்டு. புகையிலையின் உறவு என்பதால் இருப்பது உண்மை. 1993-இல் வெளியான அளவீட்டின்படி கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஒரு சிகரெட்டைப் புகைப்பவரின் உடலில் சேர்வது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். பத்துக் கிலோ கத்தரிக்காயை ஒரே வேளையில் உண்ணக் கூடியவர் மட்டும் கவலைப்படலாம். அரிப்பு என்பது வேறு செய்தி. மைசூரில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நூற்றுக்கு ஒன்பது பேர் போல, கத்தரிக்காய் தங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று கூறினார்கள். சோதனையில் உண்மையான ஒவ்வாமை உறுதிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வாய், தொண்டை அரிப்பு ஒவ்வொரு முறையும் வருமானால் விலக்கிவிடுவதே சரி. மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பறித்த காயைக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர்ந்த தட்டில் வைக்காதீர்கள். வெப்பநாட்டுக் காயாகிய இதற்கு 10 டிகிரிக்குக் கீழே குளிர்க்காயம் ஏற்படும். தோல் குழிவிழுந்து, விதை பழுப்பாகிவிடும். ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து இரண்டு நாளுக்குள் சமைத்துவிடலாம். செடி கொல்லையில் இருப்பவர்கள் குழம்பு கூட்டிய பிறகு போய்ப் பறித்தாலும் போதும்.